அராமாயோ குடித்த மாத்தே

1814. தென் அமெரிக்காவில், சால்டாவுக்கு வடக்கே, சான் ரோகே என்ற ஊர். காலை எட்டு மணிக்கு நகரமன்ற உறுப்பினர் சிப்ரியானோ அராமாயோ மன்றத்து அறையில் செத்துக் கிடந்தார். சுரைக்குடுவை பக்கத்தில் உருண்டு, ஊரார் வெந்நீரில் ஊறவைத்துக் குழலால் உறிஞ்சும் மாத்தே இலை சேறாகக் கொட்டியிருந்தது. அதை நக்கிய நாய் வாசலில் விறைத்துக் கிடந்தது.

ஸ்பெயின் அரசரின் மாவட்ட அதிகாரி ஃபெர்மின் ஒத்தாயெகி வருவதற்குள் தீர்ப்பே தயாராகிவிட்டது.

"சமையல்காரி ஹசிந்தாதான். மத்தியானத்துக்குள்ள தூக்குல போடணும்," என்றான் கேப்டன் விசென்ட்டே பரகான். ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்திலிருந்து வந்து நான்கே மாதம் ஆனவன்.

அவளைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஃபெர்மின் குடுவையருகே குனிந்தார். உள்ளே மிச்சமிருந்த இலை அடிமுதல் மேல்வரை குழம்பியிருந்தது. உறிஞ்சும் வெள்ளிக் குழலை உருவினார். அதன் அடியிலிருந்த துளைகள் எல்லாவற்றிலும் இலைத்தூள் இறுகி அடைத்திருந்தது.

"என்ன நடந்துச்சு?"

"அவ கொண்டுவந்து நேரா அவன் கையில குடுத்தா. கன்னம் ஒட்ட உறிஞ்சினான், லேசுல வரல. கன்னுக்குட்டி மாதிரி இழுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

"நீங்க குடுவையைத் தொட்டீங்களா?"

"இந்த ஊர்க் கஷாயத்தை நான் எதுக்குத் தொடறேன்?"

ஃபெர்மினுக்குள் கோபம் திகுதிகுவென எரிந்தது. போன வாரம் ஆற்றுப்படுகையில், ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கைதூக்கி வந்த, அரசரை எதிர்க்கும் கலகக்காரர்களை இவன் சுட்டுத் தள்ளியது ஊரறிந்த சங்கதி. அதைத் தளபதியிடம் நேரில் சொல்ல அராமாயோ இன்றுதான் கிளம்புவதாக இருந்தார்.

பூட்டிய அறைக்குப் போனார். ஹசிந்தா எழுந்திருக்கவில்லை.

"யாருகிட்ட குடுத்தே?"

"கேப்டன்கிட்ட. வாசப்படியிலயே வாங்கிக்கிட்டாரு. 'உள்ள வராதே, நானே சக்கரை போட்டுக் குடுக்கறேன்'னாரு. நான் சொன்னா யாரு நம்புவா?"

பதினொரு மணிக்கு ஃபெர்மின் கேப்டனை மன்றத்துக்கு அழைத்தார். வாசலில் உள்ளூர்ப் படையின் சார்ஜென்ட் குவாய்மாஸும் அவன் ஆட்களும் நின்றார்கள். ஃபெர்மின் தாமே இலையிட்டு, வெந்நீர் ஊற்றி, முதல் குடுவையைத் தாமே குடித்தார். மறுபடி ஊற்றினார். மேலே கைநிறையச் சர்க்கரை போட்டு நீட்டினார்.

"குடிங்க, கேப்டன். அந்தக் குடுவையைப் பாத்ததுலேர்ந்து பயந்து போயிட்டீங்கன்னு பசங்க பேசிக்கறாங்க."

"பயமா, எனக்கா?" பரகான் வெடுக்கென வாங்கினான். குழலைப் பிடித்து, சர்க்கரை கரையட்டும் என்று சுற்றிச் சுற்றிக் கலக்கினான். உறிஞ்சினான். வரவில்லை. மறுபடி கலக்கினான்.

வாசலில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"குழலைக் கீழ வைங்க," என்றார் ஃபெர்மின். "இங்க பொறந்தவன் எவனும் அதை அசைக்க மாட்டான். அசைச்சா தூள் போய் அடைச்சுக்கும். ஹசிந்தா கலக்க மாட்டா. அராமாயோவும் கலக்க மாட்டாரு. நம்ம ஸ்பெயின்ல சாக்லேட் பானத்தைக் கலக்கிப் பழகின கைதான் இதைக் கலக்கும். வந்த புதுசுல நானும் கலக்கினேன், ஊரே சிரிச்சுது. காலையில செத்தவர் பக்கத்துல கிடந்த குழலும் இப்படித்தான் அடைச்சிருந்துச்சு. அந்த அறையில இருந்த புது ஆளு நீங்க ஒருத்தர்தான். தொடவே இல்லைன்னும் சொன்னீங்க."

பரகான் குடுவையைச் சுவரில் வீசினான். "ஒரு துரோகி செத்தான். அதுக்கு ராஜாவோட கேப்டனைப் பிடிப்பியா, கிழவா?"

"குவாய்மாஸ், கட்டுங்க இவனை."

சார்ஜென்ட் காத்திருந்தவன் போலப் பாய்ந்தான். மண்டியிட வைக்கப்பட்ட பரகான் பல்லைக் கடித்தான். "யோசிச்சுக்க. இவனுங்க என்னைச் சிறைக்குக் கொண்டுபோக மாட்டானுங்க. கலகக்காரங்களுக்குப் பரிசாக் குடுத்துட்டு அங்கேயே சேந்துடுவானுங்க. இன்னிக்கே இந்த ஊரு ராஜாவுக்கு இல்ல."

குவாய்மாஸ் மறுக்கவில்லை. ஃபெர்மினின் முகத்தையே பார்த்தான்.

"தெரியும்," என்றார் ஃபெர்மின். "இருபத்திரண்டு வருஷமா ராஜா பேரைச் சொல்லி நியாயம் நியாயம்னு கத்தியிருக்கேன். உன்னை மாதிரி ஆளைக் காப்பாத்தித்தான் இந்த ஊரை வெச்சுக்கணும்னா, ஊரே போகட்டும். கொண்டு போங்கடா."

பூட்டை அவரே திறந்தார்.

"நீ போகலாம், ஹசிந்தா."

அவள் வாசலைத் தாண்டி நின்றாள். "அந்தக் கேப்டன் ஒரு வார்த்தை சொன்னதும் என்னை எதுவும் கேக்காம பூட்டச் சொன்னது யாரு, ஃபெர்மின் ஐயா?"

ஃபெர்மின் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார்.

"அதான்," என்றாள். குவாய்மாஸ் கை கொடுக்க, அவன் குதிரையில் பின்னால் ஏறிக்கொண்டாள். கட்டிய கேப்டனை நடுவில் விட்டு, படை தெற்கே கலகக்காரர் பக்கம் கிளம்பியது. தெருவில் ஒரு வீட்டுக் கதவும் மூடியிருக்கவில்லை. எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அதிகாரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.