பன்னிரண்டு வாளித் தண்ணீர்

நான்கு விரற்கடை இடம் விட்டுத்தான் ஜஹீரா புதுத் தொட்டியை நிரப்பியிருந்தாள். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மூன்று விரற்கடைதான் இருந்தது. தொட்டிக்குள் அவள் இன்னும் எதையும் போடவில்லை. மீன்கள்கூட மேசைமேல் குண்டானில்தான் இருந்தன.

தப்பாக அளந்திருப்போம் என்று நினைத்தாள். கணவர் ஹாஜா மைதீன் மவுத்தான இந்த ஐம்பத்திரண்டு நாளில் உப்பைச் சர்க்கரை டப்பாவில் கொட்டியிருக்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அழுகை மட்டும் வரவில்லை. உடம்பு யாரோ இரவல் கொடுத்தது போலிருந்தது.

மீன்கள் அவருடையவை. ஏழு தங்கமீன்கள். அதிகாலை சுபுஹு தொழுததும் பிஸ்மி சொல்லித் தீனி போடுவார். அவை பெருத்துவிட்டன என்று நாலடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார். தண்ணீர் விட அவருக்கு நாள் கிடைக்கவில்லை. இன்று காலை பழைய தொட்டி விரிசல் விட்டு முழுதும் ஒழுகிப்போனது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவர் விட்டுப்போன உயிர்கள் அவைதான். அவற்றையும் சாகவிட்டால் மறுமையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

தொட்டியை நிரப்புமுன், ராஜகீழ்ப்பாக்கத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜமீருக்குப் போன் செய்தாள்.

“குழாத்தண்ணில குளோரின் கீதுக்கா. அப்டியே வுட்டா மீனு காலி. அதுக்கு மருந்து கீது, ஆனா முடிச்சூர் ரோடு ஃபுல்லா தண்ணி, வண்டி வராது. நீங்க கடைக்கு வர்றீங்களா?”

“நான் இத்தால இருக்கேன்பா.”

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டுவதில்லை. ஜமீர் சங்கடத்துடன் இருமினான்.

“மன்னிச்சுக்கோங்க, மறந்துட்டேன். வூட்ல கெணறு கீதுல்ல? அதுக்கு மருந்தே வேணாம். மீன காத்தோட பையில போட்டுக் கட்டி, அரை மணி நேரம் தொட்டில மெதக்க வுடுங்க. புதுசா கட்டிக்கினு வந்த பொண்ணு மாதிரிக்கா அதுங்க, வந்ததும் அடுப்படிக்கு அனுப்பக் கூடாது. ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல பையில வெக்காதீங்க. மூச்சு முட்டிப்பூடும்.”

கொல்லைக் கிணற்றைச் சில வருஷம் முன்பு வந்த பெருவெள்ளம் வடிந்த வாரமே கணவர் தகரம் போட்டு மூடியிருந்தார். சாக்கடை கலந்து நாறுகிறது என்றார். ஜஹீரா தகரத்தை நகர்த்தினாள். நாற்றம் ஏதுமில்லை. மழையில் தண்ணீர் கையெட்டும் உயரத்துக்கு வந்து தெளிந்து நின்றது. பன்னிரண்டு வாளி சுமந்தாள். தோள் வலித்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது மீன்களைப் பிளாஸ்டிக் பைக்கு மாற்றி, ரப்பர் பேண்டால் கட்டி, மெல்லத் தொட்டியில் மிதக்கவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சுருதியில் பெய்துகொண்டிருக்க, காற்று மோட்டார் உறுமிக் குமிழி விட, ஈரச் சுவரின் வாடையோடு வேறொரு வாடையும், சேற்றில் நாள்பட ஊறிய துணியின் வாடை, கூடத்தில் மெதுவாகப் பரவியது. ஏழு மீன்களும் பைக்குள் மேலே வந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. கீழே பார்க்க அஞ்சுவது போல.

இரண்டு விரற்கடை.

கரண்ட் போனது. மோட்டார் நின்றது. குமிழி அடங்கியது.

டக். டக். டக்.

விரல் முட்டியால் தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. தொந்தரவு செய்கிறோமே என்று கூசுகிறவர்கள் தட்டுகிற விதம்.

அந்தத் தட்டலை ஜஹீரா அறிவாள். அந்தப் பெருவெள்ளம் வந்த இரவில் கணவர் மாடியில் காய்ச்சலில் கிடந்தார். இவள் சாவியோடு படிக்கட்டில் நின்றிருந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையைக் காவல் காத்த தனக்கோடி, இடுப்பளவு தண்ணீரில் வந்து கொல்லைப்பக்கக் கிரில் கேட்டைத் தட்டினாள். வாரம் தவறாமல் முருங்கைக் கீரை ஒடித்துக் கொடுப்பவள்.

“அக்கா, நான்தான். கேட்டத் தொறக்கா. காலையில பூடறேன்.”

அவளுக்காகத் திறந்தால் பின்மனையை ஒட்டிய குடிசைக்காரர்கள் எல்லோரும் ஏறிவிடுவார்கள் என்று ஜஹீரா பயந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு இருட்டில் நின்றாள். தட்டல் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவளும் குடிசைக்காரர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று தெருவில் சொன்னார்கள். ஜஹீராவும் அப்படியே சொன்னாள். கணவரிடமும்.

டக். டக். டக்.

தொட்டியின் கண்ணாடியிலிருந்து வந்தது. உள்ளிருந்து, கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து.

ஒரு விரற்கடை.

காற்று நிறைந்த பை மூழ்காது. மூழ்கியது. மெதுவாக, யாரோ அடியைப் பிடித்து இறக்குவது போல. மீன்கள் பைக்குள் துடித்தன. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

மசூதியில் அந்தி மக்ரிப் பாங்கு ஒலித்தது. ஜஹீரா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். பயம் எங்கோ தூரத்தில், வேறொருத்தியின் பயமாக இருந்தது.

“பிஸ்மில்லாஹ்.”

கையை முழங்கைவரை விட்டாள். தண்ணீர் சில்லிட்டது. பை கிடைத்தது. ரப்பர் பேண்டை அறுத்தாள். ஏழும் வெளியே பாய்ந்து ஒரே மூலையில் ஒண்டின. உயிரோடுதான் இருந்தன.

கையை எடுக்கப் போனாள்.

உள்ளங்கைக்குள் விரல்கள் வந்து சேர்ந்தன.

இழுக்கவில்லை. இறுக்கவும் இல்லை. தூக்கிவிடுவார்களா என்று காத்திருக்கும் கை.

உதறலாம். மாடிக்கு ஓடலாம். அன்று போல விட்டுவிடலாம்.

“ஏறி வா, தனக்கோடி,” என்றாள் ஜஹீரா. பிடித்துத் தூக்கினாள்.

கனத்தது. விளிம்பு தாண்டித் தண்ணீர் வழிந்தது. பாதம் நனைந்தது. கணுக்கால். முழங்கால். ஊற்றியது பன்னிரண்டு வாளிதான். தொட்டியில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

அவள் விடவில்லை. அந்த விரல்களும் விடவில்லை.

கண்ணாடி விளிம்பை, உள்ளிருந்து, இன்னொரு கை வந்து பற்றியது. அதன் பின்னால், இன்னொன்று.