திங்கட்கிழமைப் புகை

திங்கள், மத்தியானம் 2.10. சின்னமனூர்.

மூன்றாவது பிஸ்டனின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. தன் பட்டறையில் மெக்கானிக் ஜெய்லானி அதில் விரலை விட்டுப் பார்த்தான்.

காலை 6.40க்கு மேகமலையில், எஸ்டேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் செங்குத்தில் எஞ்சின் செத்து, கார் பின்னால் உருண்டு தேயிலைக்குள் கவிழ்ந்திருந்தது. டிரைவர் சங்கிலிக்குத் தொடை எலும்பு முறிவு. தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"இந்தப் பாய் எஞ்சின் ஹெட்டைச் செதுக்குனதுதான் காரணம் மேடம்" என்றார் கார் முதலாளி முத்துராஜா. புகாரை எழுதியே கொண்டு வந்திருந்தார்.

எஸ்.ஐ. அனுசுயா அந்தத் தாளை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, என்ன வேலை செய்தாய் என்று ஜெய்லானியைக் கேட்டார். மார்க்கையன்கோட்டையில் ஆயில் மோட்டாரைக் கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்தே வளர்ந்தவர். இரும்பைத் தொட யோசிப்பதில்லை.

ஜெய்லானி மறைக்காமல் சொன்னான். பழைய கார்புரேட்டர் வண்டி, மலை இழுக்கவில்லை. டர்போ வைக்க வழியில்லை. அதனால் பள்ளமான பிஸ்டனை எடுத்துத் தட்டையானதைப் போட்டு, ஹெட்டில் ஒன்றரை மில்லி கடைந்து, ஏழேகாலாக இருந்த கம்ப்ரெஷனை, அதாவது எரிபொருளை நெருக்கும் அழுத்தத்தை, ஒன்பதாக்கினான். பங்க் பெட்ரோலே அதைத் தாங்கும். பேசிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றும்போது கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் புகார்த் தாளில் சிந்தியது. துடைத்தான்.

கை கூடுதலாகக் கடைந்துவிட்டதா? காலையிலிருந்து அவனை அரித்தது அது ஒன்றுதான். ஆமென்றால் வழக்கு வரும், பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அதைவிடப் பெரிது, சங்கிலியின் காலை ஒடித்தது இந்தக் கை என்றாகிவிடும். வீட்டிலிருந்து மனைவி லத்திபா கொடுத்துவிட்ட தூக்குவாளி திறக்கப்படாமல் கிடந்தது.

2.35. அனுசுயா ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி அளக்க வைத்தார். ஒன்றரை மில்லிதான், மயிரிழை கூடவில்லை. இக்னிஷன் டைமிங்குக்கு ஜெய்லானி அடித்து வைத்திருந்த அடையாளப் புள்ளியும் அசையவில்லை.

"வேலை முடிஞ்சு எத்தன தடவ மலையேறுச்சு?"

"மூணு சனிக்கிழமை" என்றார் முத்துராஜா. "கல்யாண வேலை இருந்துச்சு, அன்னன்னைக்கே இறங்கிட்டோம். புது எஞ்சினோட அங்கன ரெண்டு நாள் தங்குனது இதான் முதல்தடவை."

"முன்னாடி எப்படி ஓடுச்சு?"

"வாராவாரம் சனிக்கிழமை எஸ்டேட்டுக்கு ஏறித் திங்கக்கிழமைதான் இறங்குவோம். திங்கக்கிழமையானா புகையும், மக்கர் பண்ணும். மலைக் குளிருக்கு அப்படித்தான்னு விட்டுருவேன்."

ஜெய்லானி தலையாட்டினான். அந்தப் புகைக்காகவே நாலு வருடத்தில் எத்தனையோ தடவை கார்புரேட்டரைக் கழுவியிருக்கிறான்.

அனுசுயா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கிளம்பியதிலிருந்தே எஞ்சின் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோல் கணகணத்தது என்றான் சங்கிலி. மேடேறினால் சரியாகிவிடும் என்று மிதித்தானாம்.

3.20. காரோடு கூட வந்திருந்த எஸ்டேட் ஸ்டோர்காரன் மலைச்சாமி பக்கம் திரும்பினார்.

"பெட்ரோல் மூடி சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான் மேடம். ஞாயித்துக்கிழமை வண்டி கழுவுவேன். கொத்துச்சாவியா குடுத்துருவாக."

"ஸ்டோர் பம்புசெட் எதுல ஓடுது?"

"பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாத்துவோம்."

"பைக் வச்சிருக்கியா?"

"தினம் எஸ்டேட் சுத்தணும்ல."

"பெட்ரோல் எங்கன போடுற?"

"இங்கனதான். மேல ஏது பங்க்கு?"

"கடைசியா எப்ப கீழ வந்த?"

"தீவாளிக்கு வந்தது மேடம். ரெண்டு மாசம் ஆச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அனுசுயா புகார்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பெட்ரோல் சிந்தி ஒரு மணி நேரம் ஆகியும் வட்டமாக எண்ணெய்க் கறை பளபளத்தது. வெறும் பெட்ரோல் என்றால் அப்போதே பறந்து தாள் வெளுத்திருக்கும்.

"பைக்குக்கு உறிஞ்சி எடுத்திருக்க. பெட்ரோல் முள்ளு இறங்கக் கூடாதுன்னு மண்ணெண்ணெய ஊத்தி நிரப்பியிருக்க. ஒம்பது கம்ப்ரெஷன்ல அது நேரத்துக்கு முன்னாடி வெடிக்கும். அதுதான் கணகண சத்தம். அதுதான் இந்த ஓட்டை."

மலைச்சாமி குந்தி உட்கார்ந்துவிட்டான். "நாலு வருசமா இதே அளவுதான் ஊத்துறேன் மேடம். ஒண்ணும் ஆகலயே."

ஜெய்லானி சுவரில் சாய்ந்தான்.

மலைச்சாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது: பிளேட் வைத்தாகிவிட்டது, மூன்று மாதத்தில் சங்கிலி நடப்பான். முத்துராஜா புகாரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, பாயின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பழைய கம்ப்ரெஷனுக்கே மாத்திருவமா?"

"எதுக்குண்ணே? பழைய எஞ்சின் எத ஊத்துனாலும் பேசாம குடிச்சுட்டுப் புகைய விட்டுச்சு. இதுதான் கத்திக் காட்டிக் குடுத்துச்சு."

கையைக் கழுவிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு லத்திபாவுக்குப் போன் போட்டான்.

"ராத்திரிக்கும் சேத்து வடி. நல்லா பசிக்குது."