வேறு வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ்

"ஐயோ!" என்ற அலறலும் தடால் என்ற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

பட்டாணி கூடத்துக்கு ஓடினாள். சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த சித்தி, ஏணிக்குப் பக்கத்தில் கிடந்தாள். ஒரு கால் பார்க்கவே பயமாக மடங்கியிருந்தது.

"சித்தி!"

"காலை அசைக்க முடியலடி. என் செல்போன் எங்க?"

செல்போன் பெயின்ட் வாளிக்குள் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தது.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். புது வீடு, அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. நல்லவேளையாக வீட்டு போன் இருந்தது. பழைய வீட்டில் இருந்த அதே போன்தான். அப்பா அதைக் கழற்றிவந்து இங்கே இன்டர்நெட் பெட்டியில் செருகியிருந்தார். எண்கூட மாறவில்லை.

பட்டாணி ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

"சித்தி விழுந்துட்டாங்க! கால் உடைஞ்ச மாதிரி இருக்கு!"

"பயப்படாதம்மா. உங்க விலாசம் எங்க திரையில தெரியுது. வண்டி கிளம்பிடுச்சு" என்றார் மறுமுனையில் பேசிய அக்கா.

பட்டாணி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தியின் நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிச்சா கத்துங்க சித்தி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சித்தி வலியோடு சிரித்தாள். ஆனால் வண்டி வரவே இல்லை.

போன் அலறியது. "ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேன். எவ்வளவு நேரமா மணி அடிக்கிறோம்! கதவைத் திறங்க!"

பட்டாணி பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் நிற்பதாகச் சொல்கிறாரே! எந்த வாசல்?

ஓடிவந்து போனை எடுத்தாள். "அண்ணா, கேட் என்ன கலர்?"

"நீலம். ஏன்?"

பட்டாணி திடுக்கிட்டாள். இந்த வீட்டுக்குக் கேட்டே கிடையாது. நீல கேட் பழைய வீட்டில்!

"அண்ணா, அது எங்க பழைய வீடு! நாங்க இப்ப ரயில்வே பாலத்துக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டித் தெருவுல கடைசி வீடு. நான் வாசல்லயே நிக்கறேன்!"

ஏணியில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டினாள். கை ஓய்வதற்குள் வண்டி வந்துவிட்டது.

மாலையில் சித்தி மாவுக்கட்டோடு வீடு திரும்பினாள். அப்பா போன் கம்பெனியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு போனை வைத்தார்.

"இன்டர்நெட் இருக்கற எந்த வீட்டுல செருகினாலும் இந்த போன் பேசுமாம். ஆனா வீடு மாறினது அதுக்குத் தெரியாதாம். நாமதான் விலாசத்தை மாத்தணுமாம். இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"வேற கம்பெனிக்கு மாறலாம்ப்பா. இந்தத் தடவை நான் கேக்கறேன்" என்றாள் பட்டாணி.

முதலில் கூப்பிட்ட புதுக் கம்பெனிக்காரர், "ஒரு வருஷத்துக்கு சினிமா இலவசம் பாப்பா!" என்றார்.

"அது இருக்கட்டும். கரண்ட் போனா போன் பேசுமா அங்கிள்?"

மறுமுனையில் பாட்டு ஓடத் தொடங்கியது. ஆள் திரும்ப வரவே இல்லை.

அடுத்த கம்பெனியில் பேசிய பெண் தயங்காமல், "பேசாது" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கரண்ட் போனா இன்டர்நெட் பெட்டி அணைஞ்சிடும், போனும் செத்துடும். அதனால ஒரு பேட்டரி தருவோம். சில மணி நேரம் தாங்கும். விலாசத்தை உங்ககிட்ட கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் இணைப்பே கொடுப்போம்."

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார்.

புது போன் வந்த அன்று, செல்போனிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்க்க அப்பா மாடிக்குப் போனார். பட்டாணி யாரிடமும் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்தாள். வீடு முழுவதும் ஓய்ந்தது. மேஜைமேல் போன் மட்டும் கணீரென்று அடித்தது.

"அடிக்குதுப்பா! அடிக்குது!" என்று குதித்தாள் பட்டாணி.

உள்ளறையிலிருந்து சித்தியின் குரல் அதைவிடக் கணீரென்று வந்தது.

"அடிக்கட்டும்டி, முதல்ல ஃபேனைப் போடு!"