பொடியில் ஓர் அடி

குகையில் ஒதுங்கிய மனிதன் கொட்டில் போட்டான், கல்வீடு கட்டினான், மாடி எழுப்பினான். அந்த நெடும் பயணத்தின் முடிவில் அவன் அடைகிற பரிபூரண நிலைதான் நடமாடும் வீடு. இது சுவிஸ் ரூபனின் சித்தாந்தம். தன் வீடியோக்களில் இதை அவர் அடிக்கடி சொல்வார். சொல்லும்போது பின்னணியில் வீணை போகும்.

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு, அக்கராயன் குளக்கட்டுக்குக் கீழே, குசினிக்கும் கக்கூசுக்கும் நடுவிலிருந்த ஒடுக்கமான இடத்தில், அந்தப் பரிபூரண நிலையில் ரூபன் குப்புறக் கிடந்தார். பிடரி பிளந்திருந்தது. ஒரே அடியோடு திருப்திப்பட்டவன் செய்த வேலை அல்ல அது. இரத்தம் மடக்குக் கட்டிலை நனைத்து, கூரை வரைக்கும் தெறித்து, படியால் வழிந்து, புல்லில் உறைந்து, எறும்புக்கும் பயன்பட்டுவிட்டது.

முதலில் கண்டவன் சஜீவன். ரூபனின் மனைவி பிரியந்தினியின் தம்பி. அத்தானுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவன், போத்தலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பொலிசைக் கூட்டிவந்தான்.

இன்ஸ்பெக்டர் ஆண்டியப்பன் ஜீப்பால் இறங்கி, மீசையைத் தடவி, "ஒருத்தரும் அசையப்படாது!" என்றார். அங்கே நின்றவை இரண்டு மாடுகள். அவை அசைபோட்டுக்கொண்டுதான் நின்றன.

ஆண்டியப்பன் தன்னை ஒரு துப்பறியும் மேதை என்று நினைத்திருந்தார். அதை நிரூபிக்க அக்கராயன் இதுவரை இடம் கொடுக்கவில்லை. போன வருசம் களவு போன ஆடுகளைக் கண்டுபிடித்ததுதான் பெரிய வழக்கு. அதுவும் ஆடுகள் தாங்களாகத் திரும்பி வந்தபோது அவர் வீதியில் நின்றபடியால்.

"சேர், பொடியை எடுக்கச் சொல்லவோ?" என்று பிணத்தைக் காட்டிக் கேட்டாள் கான்ஸ்டபிள் சிவரூபி.

"மரண விசாரணைக்காரர் வராமல் பொடியில ஒருத்தரும் கை வைக்கேலாது." குனிந்து பார்த்தார். இறந்தவரின் காற்சட்டைப் பின்பையில், திருகாணி கழற்றுகிற திருப்புளி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. போனைக் காணவில்லை. வெளியே பின்சில்லுக்குப் பக்கத்துப் புல்லில் வீல் ஸ்பானர் ஒன்று கிடந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. "இது ஆற்ற?"

"இந்த வாகனத்தின்ரதான் சேர்," என்றான் சஜீவன். அவனுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது.

"கன்னத்துக்கு என்ன?"

"அத்தான் அடிச்சவர். நேற்றுப் பின்னேரம். வாகனத்தைப் பள்ளத்தில இறக்கிப்போட்டன் எண்டு."

"அவரே ஓடியிருக்கலாமே?"

"அத்தானுக்கு ஓடத் தெரியாது சேர். வீடியோவில ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். நான் பின்னால நிண்டு தள்ளுவன்."

சஜீவன் சொன்ன கதை இது. ரூபன் ஒரு நடமாடும் வீடு வாங்க வெளிக்கிட்டவர். சும்மா வாங்குகிற ஆள் இல்லை. எந்த வாகனம் தரமானது, எது நம்பி ஏறக்கூடியது என்று ஒப்பிட்டு, உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு வாங்குகிறவர். குளக்கட்டில் இரண்டு வாகனங்கள் நின்றன. ஒன்று ஹிம்மெல்ஹைம்; வெளிநாட்டு இறக்குமதி, ஊர் வாயில் 'கிம்மல்'. வவுனியாவில் வாகனம் விற்கிற நுஸ்கி கொண்டுவந்து விட்டது. மற்றது 'வன்னி வேழம்'. பழைய லொறியொன்றின் மேல், கிளிநொச்சியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் மேல்கூடு, அதாவது பொடி, கட்டுகிற 'தவகுலம் பொடி வேர்க்ஸ்' செய்தது. பக்கத்தில் யானைப் படம். யானை கொஞ்சம் பன்றி மாதிரி.

"எப்பிடி ஒப்பிட்டவர்?"

"சுத்தியலால. தரம் எண்டால் சத்தம் எண்டு சொல்லுவார். கிம்மலைத் தட்டினால் 'டொக்' எண்டுது. வேழத்தைத் தட்டினால் 'டணார்' எண்டுது. ஆனால் கிம்மலின்ர ஏசி முதல் நாளே செத்துப்போச்சு. அதாலதான் ராத்திரி கதவைத் திறந்துபோட்டுப் படுத்தவர்."

"அப்ப ஆரும் ஏறியிருக்கலாம்."

"ஓம். நேற்றுத் திருப்புளியோட இரண்டுக்குள்ளயும் பூந்து பார்த்தவர். வெளியில வந்து விழுந்து விழுந்து சிரிச்சவர். 'நாளைக்கு வீடியோவில ஒருத்தன்ர மானத்தைக் கழற்றுறன் பார்' எண்டு போனிலயும் ஆருக்கோ சொன்னவர்."

"எவன்ர மானம்?"

"கேட்டனான் சேர். அதுக்குத்தான் கன்னத்தில இரண்டாவது அறை."

7.05. ஆண்டியப்பன் போனைக் கையில் எடுத்தார். சிவரூபி பக்கத்தில் நிற்க, ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு, வாகனக்காரர் இருவருக்கும், நுஸ்கிக்கும் தவகுலத்துக்கும், ஒரே வசனத்தைச் சொன்னார்: "அக்கராயன் பொலிஸ். குளக்கட்டில நிக்கிற வாகனம் சம்பந்தமா. பொடியில பின்பக்கம் பலமான அடி. உடன வெளிக்கிட்டு வாங்கோ."

கிளிநொச்சி லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த நுஸ்கி துள்ளினார். "யா அல்லாஹ்! பெரிய அடியோ? சேர், இன்சூரன்ஸ் ஆக்கள் வாறவரைக்கும் ஒருத்தரையும் தொட விடாதேங்கோ. நாலு பக்கத்தாலயும் படம் எடுத்து அனுப்புங்கோ."

சிவரூபியின் முகம் சுருங்கியது. "மனிசனே இவர்?"

தவகுலம் முதலில் விம்மினார். பிறகு குரல் உடைந்தது. "ஐயோ முருகா... பிரியந்தினிப் பிள்ளைக்கு அறிவிச்சாச்சோ? அந்தப் பிள்ளை எப்பிடித் தாங்கும்?"

"பாருங்கோ சேர், அது மனிசன்," என்றாள் சிவரூபி. ஆண்டியப்பனும் தலையாட்டினார். வீல் ஸ்பானர் நுஸ்கியின் வாகனத்தினது. ஏசி செத்த அவமானம் நுஸ்கியினது. பதில், கல்நெஞ்சக்காரனுடையது. பத்து மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து பொலிஸ் பெரியவர் வருவார். அதற்கிடையில் விலங்கு பூட்டிவிடலாம் என்று மனதுக்குள் படமும் எடுத்துக்கொண்டார். படத்தில் மீசை நன்றாக வந்திருந்தது.

8.10. மல்லாவியிலிருந்து ரூபனின் சொந்தக்காரர் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்து இறங்கினார்கள். பிரியந்தினி படியில் விழுந்து தலையில் அடித்துக் கதறினாள். ஆண்கள் அழவில்லை. வேலிக் கதியால்களைப் பிடுங்கினார்கள். சிவரூபி வாய் தவறி, "ஒருத்தர் இன்சூரன்சைக் கேட்டவர்" என்று யாரோ ஒரு பெண்ணுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். ஒரு நிமிசத்தில் அது பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நுஸ்கியின் மோட்டச்சைக்கிள் வந்து நின்றது. மனிசன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அழுகிறவளைப் பார்க்கவில்லை. நேரே கிம்மலின் பின்பக்கம் போய், குனிந்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து, "அடி எங்க சேர்? ஒண்டும் நெளியேல்லையே?" என்றார்.

ஆண்டியப்பனின் வாய் லேசாகத் திறந்தது. ஏதோ சொல்ல வந்தவர் போல நின்று, பிறகு மூடிக்கொண்டார்.

"பிணத்தைப் பாக்காமல் தகரத்தைத் தடவுறான்ரா!" என்று கத்தினான் சஜீவன். முதல் கதியால் நுஸ்கியின் முதுகில் முறிந்தது. இரண்டாவது வாயில். பல்லும் இரத்தமும் சேர்ந்து துப்பினார். "என்ன பிணம்? ஆற்ற பிணம்?" என்று கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. கீழே விழுத்தி மிதித்தார்கள். ஒருவன் உழவு இயந்திரத்திலிருந்து டீசல் கானைத் தூக்கிக்கொண்டு வந்தான். "உள்ள போட்டுக் கொளுத்துவம்! அவன்ர வாகனத்தோடயே போகட்டும்!"

ஆண்டியப்பன் துவக்கை எடுத்து வானத்தில் சுட்டார். குளத்து நாரைகள் எல்லாம் எழும்பின. கூட்டம் பின்வாங்கவில்லை, நின்றது, அவ்வளவுதான்.

"சேர், இவனைத் தாங்கோ எங்களிட்ட."

"பத்து நிமிசம் தாங்கோ எனக்கு," என்றார் ஆண்டியப்பன். "பத்து நிமிசத்தில செய்தவனைக் காட்டாட்டில், நான் ஜீப்பில ஏறிப் போறன். பிறகு உங்கட விருப்பம்."

டீசல் கான் கீழே வைக்கப்பட்டது. மூடி திறந்தபடியே.

தவகுலம் வந்து சேர்ந்தார். மோட்டச்சைக்கிளை நிறுத்தி, தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்து, சஜீவனைக் கட்டிப்பிடித்து அழுதார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. மடிப்புக் குலையவில்லை.

ஆண்டியப்பன் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அண்ணை, நேற்று ராத்திரி எங்க நிண்டனீங்கள்?"

"வீட்டில. வேற எங்க?"

"உங்கட கராஜ் போர்டில என்ன எழுதிக் கிடக்கு?"

"தவகுலம் பொடி வேர்க்ஸ்."

"எவ்வளவு காலமாப் பொடி கட்டுறியள்?"

"முப்பது வருசம் வரும். இப்ப ஏன் தம்பி அது?"

"ஒருத்தர் போன் எடுத்து, 'வாகனம் நிக்குது, பொடியில பின்பக்கம் அடி' எண்டு சொன்னால் நீங்கள் என்ன கேப்பியள்?"

தவகுலம் சால்வையால் திரும்பவும் கண்ணைத் துடைத்தார். தரையில் கிடந்த நுஸ்கி, உடைந்த வாயால், அவருக்காகப் பதில் சொன்னார்: "எவ்வளவு நெளிவு எண்டு கேப்பம் சேர். எத்தினை நாள் வேலை எண்டு பாப்பம்."

"அதுதான்!" ஆண்டியப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இரண்டு பேருக்கும் ஒரே வசனம்தான் சொன்னனான். செத்தது எண்டு சொல்லேல்லை. ரூபன் எண்டு பேரெடுக்கேல்லை. இந்த மனிசன் வாகனத்தின்ர பொடி எண்டு நினைச்சு இன்சூரன்சைக் கேட்டார். வந்ததும் வாகனத்தைத்தான் தடவினார். ஏன்? ஆள் செத்தது அவருக்குத் தெரியாது. ஆனால் சீவியம் முழுக்க வாகனப் பொடி கட்டுற அண்ணைக்கு, 'பொடி' எண்டதும் பிணம்தான் நினைவில வந்தது. பெஞ்சாதிக்கு அறிவிச்சாச்சோ எண்டு அழுதார். நெளிவு எடுக்க வாற ஆள் சுத்தியல் கொண்டுவரேல்லை. செத்தவீட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!"

"விசர்க் கதை!" என்றார் தவகுலம். "நான் ஏன் அவனைக் கொல்ல வேணும்?"

"அதைத் திருப்புளி சொல்லும்."

இறந்தவரின் திருப்புளியோடு ஆண்டியப்பன் வன்னி வேழத்துக்குள் ஏறினார். கட்டிலுக்கு மேலிருந்த பலகைகளில் திருகாணித் தலைகள் எல்லாம் கறள் பிடித்திருந்தன. ஒரு பலகையில் மட்டும் நாலும் புதிதாகச் சுரண்டுப்பட்டு மினுங்கின. அந்த நாலையும் கழற்றினார். பலகை விழுந்தது. பின்னால், 'ஜேர்மன் தொழில்நுட்பச் சுவர்' என்று விளம்பரம் செய்யப்பட்ட இடத்தில், பழைய அலைத்தகரம் தெரிந்தது. அதில் நீல எழுத்தில் அச்சடித்திருந்தது: நிவாரணப் பொருள். விற்பனைக்கு அல்ல.

கதியாலோடு நின்றவர்களில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புத்தான் தவகுலத்தை உடைத்தது. வேழத்தின் படியில் கிடந்த ரூபனின் சுத்தியலைத் தூக்கி, சிரித்தவனின் பக்கம் பாய்ந்தார். இடையில் வந்த ஆண்டியப்பனின் தோளில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் 'டொக்' என்று கேட்டது. இரண்டாவது தரம் ஓங்கியபோது சிவரூபியின் பொல்லு அவருடைய மணிக்கட்டில் விழுந்தது, பிறகு முழங்காலில், பிறகும் ஒருமுறை, தேவையில்லாமல். சுத்தியல் உருண்டது. வெள்ளை வேட்டியில் இப்போது சேறும் இரத்தமும்.

"அந்தத் தகரத்துக்குக் கீழதான்ரா என்ர மகள் பிறந்தவள்!" என்று தரையில் கிடந்து கத்தினார். "முகாமில மூண்டு மாரி. ஒரு சொட்டு ஒழுகேல்லை. தரம் எண்டால் அது தரம்! அவன் போன் எடுத்து, 'அகதிக் கொட்டிலுக்குச் சில்லுப் பூட்டி விக்கிறியோ' எண்டு கேட்டுச் சிரிச்சான். வீடியோ போடாத எண்டு கும்பிடத்தான் வந்தனான். கும்பிட்டனான். அதையும் வீடியோ எடுத்தான்."

ரூபனின் போன் தவகுலத்தின் மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழே இருந்தது. வீடியோவை அழிக்க, போனைத் திறக்கிற இலக்கம் தெரியவில்லை. குளத்தில் எறியவும் மனம் வரவில்லை. நல்ல போன்.

டீசல் கானைக் கொண்டுவந்தவனே நுஸ்கியைத் தூக்கி இருத்தித் தண்ணீர் கொடுத்தான். "குறை நினைக்காதேங்கோ அண்ணை," என்றான். நுஸ்கி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தண்ணீர் சிவப்பாக விழுந்தது. "கிம்மலைக் கொளுத்தாமல் விட்டியள். பெரிய உபகாரம்," என்றார்.

பத்து மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து பெரியவர் வந்தார். பத்திரிகைக்காரரும் வந்தார்கள். வலது கையைத் தூக்கிக் கட்டியிருந்த ஆண்டியப்பன், இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டு விளக்கினார்: குற்றவாளியின் மனதுக்குள் நுழைய ஒரே ஒரு சொல் போதும், இரண்டு பொருள் உள்ள அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, அளந்து, காலையிலேயே பொறியாக வைத்துவிட்டதாக. பெரியவர் அவருடைய முறியாத தோளில் தட்டினார். படம் எடுத்தார்கள்.

காலை 7.05க்கு ஆண்டியப்பன் இரண்டு பேருக்கும் பொடி என்று சொன்னது பிணத்தைத்தான். வாகனத்துக்கும் அதே சொல் என்பது, நுஸ்கி கிம்மலின் பின்பக்கத்தைத் தடவும் வரைக்கும் அவருக்கு நினைவில் இல்லை.