பத்து லிட்டர் வெள்ளையும் ஒரு மேதையும்

பெயின்டர் வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தலைக்கனம் வந்துவிட்டது. அளவுப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. எத்தனை மில்லி என்று சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

விடுமுறை நாளில் அப்பாவுடன் வேலை நடக்கும் நூலகத்துக்குப் போனாள். சுவருக்கு வெளிர் நீலம் வேண்டும். வெள்ளைப் பெயின்ட் இரண்டு வாளி இருந்தது, வாளிக்குப் பத்து லிட்டர். லிட்டருக்கு ஐந்து மில்லி நீலச் சாயம் கலந்து ஒரு வாளி தயார் செய்யும்படி, கூட வேலை செய்யும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அப்பா ஏணி எடுத்துவரப் போனார்.

சித்தப்பா சின்ன அளவுக் குவளையில் ஐம்பது என்ற கோடு வரை சாயம் ஊற்றினார்.

"பத்தாது சித்தப்பா. அம்பது மில்லின்னா அரை லிட்டர்."

இருபது வருஷமாக இப்படித்தான் கலக்குவதாக அவர் மெல்லச் சொன்னார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். படித்த பிள்ளை சொல்கிறதே என்று, அரை லிட்டரையும் அளந்து கவிழ்த்தார்.

அப்பா திரும்பி வந்தபோது வாளியில் வெளிர் நீலம் இல்லை. பேனா மை இருந்தது.

"கண்ணு தெரியலையாடா உனக்கு? இனிமே கலக்குற வேலை உனக்கு வேணாம்."

சித்தப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "கை தவறிடுச்சுண்ணே" என்றார்.

அவள் குவளையைப் பார்த்தாள். அதன் விளிம்பிலேயே நூறு மில்லி என்று போட்டிருந்தது. அந்தக் குட்டிக் குவளை ஒரு லிட்டர் பிடிக்குமா? லிட்டருக்கு ஆயிரம் மில்லி. மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பதைத் தூக்கி லிட்டருக்கு மாட்டியிருந்தது, நூற்றுக்கு நூறு வாங்கிய மூளை.

பேசாமல் இருந்தால் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

"அப்பா, சித்தப்பா சரியாத்தான் ஊத்தினாரு. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்."

அப்பா வாளியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "பத்து மடங்குதானே கூடிருச்சு? இதுல ஒரு லிட்டர் எடுத்து ஒம்பது லிட்டர் வெள்ளையில கலந்தா வருமா?"

சித்தப்பா யோசித்துத் தலையாட்டினார். அப்பா குவளையை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

கலந்து சுவரில் ஒரு தீற்று தீற்றியதும் வெளிர் நீலம் வந்தது.

"சரியா இருக்கா?" என்று சித்தப்பா அவளிடம் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா சித்தப்பா?" என்றாள், தரையைப் பார்த்தபடி.