இரண்டாம் எண் திரை

மவுஸ் அம்பு திரையின் இடது ஓரத்தில் நிற்கவில்லை. வழக்கமாகச் சுவரில் முட்டியது போல நின்றுவிடும் அம்பு, அன்று மதியம் ஓரத்தைத் தாண்டி எங்கோ வெளியே போய்விட்டது. அவன் மேசையில் இருந்தது ஒரே ஒரு மானிட்டர். அதற்கு இடப்பக்கம் திருகாணிகள் போட்டு வைத்த பிஸ்கட் டப்பாவும் வெறும் சுவரும்தான். மவுஸை வலப்பக்கம் இழுத்தான். உலாவப் போய்விட்டு வந்தது போல அம்பு சாவகாசமாகத் திரும்பி வந்தது.

திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளில் கோளாறு, வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு நாளாகவே திரை மினுக்கிக்கொண்டிருந்தது. இல்லாத மானிட்டர் இருப்பதாகக் கார்டு நினைத்துக்கொள்வதும் புதிதல்ல. பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பவன் அவன். தெருவில் அவனுக்குப் பெயரே டாக்டர்தான்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, சொந்தக் கம்ப்யூட்டர் இங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவனும் சிரித்தான். அந்தக் கார்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எப்படி வந்தது என்பதன் பாதிதான் தெரியும்.

அது அக்கா மகனுடையது. பத்தொன்பது வயது. ஏழு மாதத்துக்கு முன்னால் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை. அவன் கம்ப்யூட்டரை ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்துப் பூட்டிக் கொடுத்தது இந்த மாமாதான். பையன் கேம் விளையாடும்போது திரையையும் தன் குரலையும் பதிவு செய்வான். கத்துவான், பாடுவான், தோற்றுப்போனால் விழுந்து விழுந்து சிரிப்பான். மூன்று வருடத்துப் பதிவு. காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா கம்ப்யூட்டரைக் கொடுத்து, "அவன் குரல மட்டும் எடுத்துக் குடுத்துட்டு, சின்னவளுக்குப் படிக்கிற மாதிரி ஆக்கிக் குடுடா" என்றாள்.

உள்ளே ஒரே கம்பெனி, ஒரே அளவில் இரண்டு டிஸ்க். புதிதாக விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்கின் கேபிளை முதலில் பிடுங்க வேண்டும் என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். அன்று பிடுங்கவில்லை. காப்பி எடுத்தும் வைக்கவில்லை. அரை நிமிட வேலை, சோம்பல். திரையில் வந்த டிஸ்க் பட்டியலில் பூஜ்யம், ஒன்று என்று இரண்டு வரி. தவறான வரியை, பதிவுகள் இருந்த டிஸ்க்கை, அழித்து அதன்மேலேயே விண்டோஸைப் போட்டுவிட்டான். இரண்டு நாள் தோண்டிப் பார்த்ததில் உடைந்த சில்லுகள்தான் கிடைத்தன, ஒன்றிலும் குரல் இல்லை.

அக்காவிடம் போய், "டிஸ்க் தானாவே போயிருச்சுக்கா" என்றான். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எவ்வளவு பாடுபட்டிருப்பே. இந்தக் கார்டு அவனுக்கு உசுரு, நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தாள். அவனும் வாங்கிக்கொண்டான். அதை நினைக்கும்போதெல்லாம் யாரோ சட்டையைப் பிடித்து நடுத்தெருவில் நிறுத்தியது போல அவனுக்குக் கூசும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் விசிறி சீரான இரைச்சலோடு ஓட, சூடேறிய தூசியின் வாசனையோடு அடியில் வேறொரு வாசனையும், பழகிய ஏதோ ஒரு தேங்காயெண்ணெய் வாசனை, மெல்ல எழுந்து அறையில் தங்கியது. டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தான். 1, 2 என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இரண்டாம் கட்டத்தை நீக்கினான். மறுபடியும் வந்தது.

அந்த இரண்டாவதில் என்னதான் இருக்கிறது? அதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினால் எத்தனை திரை இருக்கிறதோ அத்தனையும் ஒரே படமாக விழும். அழுத்தினான். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து அதில் ஒட்டினான்.

வலது பாதியில் அவனுடைய திரை. இடது பாதியில் ஓர் அறை.

கட்டில், மடித்து வைத்த போர்வை, கதவு ஒட்டாமல் நிற்கும் பீரோ. அக்கா மகனின் அறை. அவன் கம்ப்யூட்டர் மேசை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. அங்கே கேமரா எதுவும் எப்போதும் இருந்ததில்லை. கார்டின் நினைவில் தங்கிய பழைய படமாக இருக்கும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தான். மின்சாரம் போனால் கார்டின் நினைவும் போய்விடும் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

டிரைவரை வேரோடு எடுத்துவிட முடிவு செய்தான். சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவரின் கடைசித் துணுக்கு வரை துடைத்தான். இனி ஒரே திரைதான் தெரிய முடியும். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. மவுஸை இடப்பக்கம் தள்ளினான்.

அம்பு ஓரத்தைத் தாண்டிப் போனது.

கை தானாகவே பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தியது. அதே அறை. இப்போது கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலை. கையில் போன்.

மேசையில் அவன் போன் அடித்தது.

"சும்மாதான்டா கூப்பிட்டேன். அவன் ரூம்ல உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா. "சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே. அந்த டிஸ்க்க இன்னொரு தடவ பாக்க முடியுமா? வேற ஒண்ணும் வேணாம். அவன் சிரிக்கிறது ஒரு நிமிஷம் கெடச்சாப் போதும். அவன் எப்படிச் சிரிப்பான்னு எனக்கு மறந்துகிட்டே வருதுடா."

அவன் அப்படியே கூனிக் குறுகிப் போனான். இல்லை என்று இன்னொரு தடவை சொல்வதற்குள் செத்துவிடலாம் போலிருந்தது. விரல் மட்டும் அதன்பாட்டுக்கு அழுத்தியது.

படம். கட்டில். அக்கா. பீரோவின் பக்கத்தில் ஒருவன். நீலச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. முகம் இங்கே திரும்பியிருந்தது.

"அக்கா, ரூம்ல யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டுந்தான்டா. ஏன்?"

விசிறியின் இரைச்சல் கூடியது. பையன் எதற்காக வந்திருக்கிறான் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததாகத்தான் நினைத்தான். இத்தனை மாதமாகத் தொண்டையில் கிடந்ததை இப்போதே சொல்லிவிட்டால் பையன் போய்விடுவான். அவமானம்தானே. படட்டும். அக்கா காறித் துப்பட்டும்.

"அக்கா, டிஸ்க் தானாப் போகல. நான்தான் அழிச்சேன். என் தப்பு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அக்கா?"

"என்னமோ சொன்னே, சத்தமே வரலடா."

"நான்தான் அழிச்சேன்க்கா! கேபிளப் பிடுங்காம விட்டுட்டேன்! உங்கிட்டப் பொய் சொன்னேன்!"

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்."

"ஆங், இது கேக்குது. நடுவுல நடுவுலதான் ஒண்ணும் கேக்கல."

கத்தினான். கண்ணீர் வழிய, அடித்தொண்டையிலிருந்து, அதே மூன்று வாக்கியம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"காது ரெண்டும் திடீர்னு அடைச்சுக்குது" என்றாள் அக்கா. "ஜில்லுன்னு வேற இருக்கு. நீ மெதுவாச் சொல்லுடா. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அழுத்தினான். ஒட்டினான்.

அக்கா காதில் போனோடு, தலையைச் சற்றுச் சாய்த்து, அவன் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலின்மேல் மகன் மண்டியிட்டிருந்தான். அவன் உள்ளங்கைகள் இரண்டும் அம்மாவின் காதுகளைப் பொத்தியிருந்தன. அழுத்திய அழுத்தில் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் தலைக்கு மேலாக, இமைக்காமல், அவன் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.