மாமாவின் பூட்டிக் கிடந்த போன்

"வேண்டாம்! சுபா அக்கா தேத்தண்ணி போட்டுத் தருவா!"

பிரகலாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆவி பறக்கும் கோப்பையோடு உதயகலா அப்படியே நின்றாள். பிரான்சிலிருந்து கொழுந்தன் சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு இதே கதைதான். அவன் பிறந்த வீடு... ஆனால் அவள் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூட அவனுக்கு இறங்கவில்லை.

காரணம் ஊரறிந்ததுதான். மாமனார் சீவரத்தினம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுத்திருந்த காலத்தில், கணவன் குகதாசன் கட்டாரில் வேலையிலும் மகள் சுபாஜினி அப்போது வெளிநாட்டிலும் இருக்க, அவரைப் பராமரித்தவள் உதயகலா ஒருத்திதான். இளையவன் போன் செய்யும்போதெல்லாம் 'மாமா நித்திரை', 'மாமா குளிக்கிறார்', 'மாமா சுகமாய் இருக்கிறார்' என்று சொல்லித் துண்டித்தவளும் அவள்தான்! தகப்பன் கண்மூடிய பிறகே அவனுக்கு உண்மை தெரிந்தது. அகதி வழக்கு முடியாததால் செத்தவீட்டுக்கும் அவனால் வர முடியவில்லை. இப்போது விசா கிடைத்து வந்திருக்கிறான், ஆறாத கோபத்தோடு.

மேசையில் தகப்பனின் பழைய போன் சார்ஜில் கிடந்தது. அலுமாரிக்குள் இருந்து அவன்தான் தேடியெடுத்தான். திரையில் ஒன்பது புள்ளிகள். எந்த வழியாகக் கோடு இழுத்தால் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார். சுன்னாகத்துக் கடைக்காரர், "உள்ளுக்கு இருக்கிறதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் திறக்கலாம்" என்று கையை விரித்துவிட்டார். பிரகலாதன் தன் பாட்டில் இழுத்து இழுத்துப் பார்த்தான். இன்று காலை திரை கடைசி எச்சரிக்கை சொல்லிவிட்டது. இன்னும் ஒரேயொரு தரம் பிழையாகக் கீறினால் எல்லாம் அழிந்துவிடும்!

"மச்சாள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது!" உடுவிலில் இருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த சுபாஜினி அடுப்படி வாசலில் நின்று பொரிந்தாள். "அப்பான்ரை போன் எந்த நேரமும் உங்கடை கையிலைதானே இருந்தது! திறந்தால் உங்கடை வண்டவாளம் வெளியிலை வந்திடும் எண்டுதானே வாய் திறக்கிறியளில்லை?"

"ஐயோ சுபா... சத்தியமா அந்தக் கோடு எனக்குத் தெரியாது! அவர்தான் கீறுவார்... நான் பிடிச்சுக்கொண்டு மட்டும்தான் இருப்பன்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

ஓம்... அவள் பிடித்துக்கொண்டிருப்பாள்! மாமாவின் வலக்கை விழுந்துவிட்டது. அவள் எதிரே முக்காலியில் அமர்ந்து போனை ஏந்திப் பிடிப்பாள். அவர் இடக்கை விரலால் நடுங்கி நடுங்கிக் கீறுவார். அந்த விரல் போன வழி அவள் கண்ணுக்குள் இருந்தது... தலைகீழாக!

பேசாமல் இருந்தால் ஒன்றும் கெடாது. கோடு பிழையாய்ப் போனாலோ, வேண்டுமென்றே அழித்தவள் என்ற பழியும் சேரும். ஆனால் அதற்குள் மாமாவின் முகம் இருக்கிறதே! மகன் கடைசிக் காலத்தில் பார்க்காத முகம்...

"தம்பி, போனைக் கொண்டுவந்து மாமான்ரை கதிரையிலை இருங்கோ!"

"குடுக்காதை தம்பி! அழிக்கப்போறா!" சுபாஜினி கத்தினாள்.

பிரகலாதன் உதயகலாவின் முகத்தையே பார்த்தான். அந்தக் கண்களில் என்ன கண்டானோ, வந்து கதிரையில் அமர்ந்தான். உதயகலா எதிரே முக்காலியைப் போட்டு, போனை அவன் பக்கம் திருப்பி ஏந்தினாள்.

"இடக்கை விரலைத் தாங்கோ."

அவன் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தாள். கீழே... குறுக்கே... திரும்ப மேலே... ஓரிடத்தில் அவள் கை தயங்கியது. கண்ணை மூடினாள். மாமாவின் விரல் எப்போதும் அந்த இடத்தில் ஒருதரம் சறுக்கி வலப்பக்கம் போகும். அவளுக்கு வலம், அவருக்கு இடம்... இழுத்தாள்.

திறந்துகொண்டது!

"அக்கா! திறந்திட்டுது அக்கா!" சின்னப் பிள்ளையைப் போலத் துள்ளி எழுந்தான் பிரகலாதன்.

உள்ளே படங்களுக்குக் கீழே வரிசையாக ஒலிப்பதிவுகள். உதயகலா திகைத்துப்போனாள். இவற்றையெல்லாம் அழித்துவிட்டேன் என்றல்லவா மாமா சொன்னார்! அவள் தடுப்பதற்குள் அவன் முதலாவதைத் தொட்டுவிட்டான்.

"த...தம்பி... பிலகா... பிகலா..." குழறிய குரல். பின்னால் உதயகலாவின் குரல்: "இல்லை மாமா, ஆறுதலாச் சொல்லுங்கோ. பி...ர...க...லா...தன். இன்னொருக்கா!" கிழவர் விம்மினார். "ஏலாது பிள்ளை..." "ஏலும் மாமா! வடிவாக் கதைக்க வந்த உடனை நானே தம்பிக்கு எடுத்துத் தாறன்."

ஒவ்வொரு பதிவிலும் அதே பெயர், அதே தோல்வி, அதே "இன்னொருக்கா". சுபாஜினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிப் பதிவில் உதயகலாவின் குரல் இல்லை.

"கலா... கிணத்தடிக்குப் போயிட்டா... விசா கிடைச்ச பிறகு கேள் தம்பி. நான்தான்... கதைக்கமாட்டன் எண்டனான். என்ரை குரலைக் கேட்டால்... நீ எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவாய். அப்பன் கதைக்க மறுத்தவர் எண்டு... நீ நினைக்கக் கூடாதெண்டு... பழியை அந்தப் பிள்ளை தலையிலை போட்டன். ஒருத்தருக்கும் சொல்லாதையெண்டு சத்தியமும் வாங்கிப்போட்டன். அவளைக் கோவிக்காதை..." நீண்ட மூச்சு. பிறகு ஒவ்வொரு எழுத்தாய், அழுத்தமாய்: "என்ரை... பிரகலாதன்."

"மச்சாள்!" பிரகலாதன் தடாலென்று அவள் காலடியில் விழுந்தான். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே... இவ்வளவு காலமும் உங்களை நான்..." சுபாஜினி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு "என்னை மன்னியுங்கோ மச்சாள்!" என்று கதறினாள்.

உதயகலாவுக்கு இரண்டும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கண்ணீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பாய், அவனைத் தோளில் பிடித்துத் தூக்கினாள்.

"கேட்டியளே தம்பி? பேரைச் சொல்லிப்போட்டார்! நான் இல்லாத நேரம் தானாவே சொல்லிப்போட்டார்... ஒரு எழுத்துப் பிழையில்லை! ஐயோ, திருப்பி ஒருக்காப் போடுங்கோ!"

அவன் திரும்பப் போட்டான். மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"என்ரை... பிரகலாதன்."

"ஓம் அப்பா!" என்றான் அவன். "சொல்லுங்கோ அப்பா!"